காவல்காரனுக்கு முதலில் சொன்ன சேதி

1

மில்லின் நோட்டீஸ் போர்டில் இந்த வருஷமும் அந்த அருவியின் படத்தை ஒட்டிவிட்டார்கள். பச்சை மலை, நடுவில் வெள்ளையாய் இறங்கும் தண்ணீர், முன்னால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பஸ் புறப்படுகிறதாம். வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாமாம். பக்கத்து ஓவர்லாக் மெஷினில் தைக்கிற வெள்ளைக்காரி, பாவம், நல்ல மனசுக்காரி, "ரொம்ப அழகான இடம், நீயும் வாயேன்" என்றாள். "நீயே போய் நல்லாப் பாத்துட்டு வா தாயே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, நூல்கண்டு எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

சில வருஷம் ஆகிவிட்டதே, கோபம் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சீமையில் இருக்கிறவள் பனியைப் பற்றியும் பாதாள ரயிலைப் பற்றியும் எழுதுவாள் என்று எதிர்பார்த்து இதைப் பிரித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இது ஊரில் இருக்கிற உங்களைத் திட்டுவதற்காக எழுதுவது. எல்லாரையும் இல்லை. யாரை என்பது போகப் போகத் தெரியும்.

2

என் பெயர் ருக்மணி. பிறந்தது சாமளாபுரம். கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வந்த பனியனை வெளிச்சத்துக்கு நேராக விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வயசுக்கு வந்த பெண்ணைக் கம்பெனிக்கு அனுப்புவதா என்று சொந்தபந்தம் எல்லாம் வீட்டுக்கு வந்து பேசினார்கள். அப்பா வாசலில் நின்றபடியே, "அவ உம்பட ஊட்டு அரிசியையா திங்கறா?" என்று ஒரே கேள்வி கேட்டார். வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள்.

அப்பாவுக்குப் பஞ்சு மண்டியில் எடை போடும் வேலை. கோபக்காரர். எடையில் கையை வைக்கச் சொன்ன ஒரு வியாபாரி மேல் எடைக்கல்லையே தூக்கி எறிந்தவர். நல்லவேளை, மேலே படவில்லை. எனக்குக் கல்யாணத்தில் நகை குறைவாகத்தான் போட்டார். கோபத்தை மட்டும் குறையில்லாமல் கொடுத்தனுப்பினார்.

அருவி என்றால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கம்பெனிக்காரர்கள் எங்களையெல்லாம் லாரியில் ஏற்றித் திருமூர்த்தி மலைக்குக் கூட்டிப் போவார்கள். "பொம்பளப் புள்ளைகளை நம்பி அனுப்ப முடியாது" என்று, யாரும் கூப்பிடாமலே அப்பாவும் லாரியில் ஏறிக்கொள்வார். விடியும்போதே தலையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, வழியெல்லாம் நெற்றியில் வடிய வடிய வருவார். மேலே அருவிக்குப் போனதும் நடுத்தண்ணீர் அவருக்குத்தான். "நகருங்கப்பா அக்கட்ட! காத்தால இருந்து இங்கயே நிக்கறே, உங்கப்பன் ஊட்டுத் தண்ணியா?" என்று நகராதவர்களை அதட்டிக்கொண்டே குளிப்பார். எங்களுக்கு மானம் போகும். சிரித்துச் சிரித்து வயிறும் வலிக்கும்.

அருவிக்குப் போவது என்றால் குளிக்கப் போவது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவதற்கு அருவி எதற்கு என்றுதான் நான் இங்கே வரும்வரை நினைத்திருந்தேன்.

3

எங்கள் வீட்டுக்காரர் சென்னியப்பன் பின்னல் மெஷின் ஃபிட்டர். திருப்பூரில் கைராசிக்காரர் என்று பெயர். இங்கிலாந்தில் லெஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடை மில்லில் ஆள் வேண்டுமென்று வந்தவர், பிறகு என்னையும் மூன்று வயசு வள்ளியையும் கூப்பிட்டுக்கொண்டார். கொங்குநாட்டு ஆட்கள் இந்த ஊரில் மொத்தமே மூன்று குடும்பம். அதில் வெள்ளகோவில் ராசாத்தி அக்காதான் எனக்குத் தாய், தமக்கை எல்லாம்.

நான் சொல்லவந்தது நடந்த வருஷம் என் பாஸ்போர்ட் குடியேற்ற அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. இங்கே தங்குவதற்கான முத்திரையைப் புதுப்பிக்கக் கொடுத்தது, கொடுத்ததுதான். என்ன சிக்கல் என்றால், என் பெயரோடு இருப்பது அப்பாவின் பெயர். வீட்டுக்காரர் பெயரோடு இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். குடும்பப் பெயர் ஒன்றாக இல்லையே, நீங்கள் புருஷன் பெண்டாட்டிதானா என்று கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினோம். தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்து வாருங்கள் என்றார்கள். மொழிபெயர்த்துப் போனோம். மொழிபெயர்த்தவர் யார் என்றார்கள். இப்படியே இழுத்தடித்தார்கள். பாஸ்போர்ட் வராமல் நான் இந்த நாட்டை விட்டு நகர முடியாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் அதே அலுவலகத்தில் ஒரு இளம் குமாஸ்தா என்னைப் பார்த்து, "தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டான். "அம்மா இல்லை. அப்பா இருக்கிறார், நன்றாக இருக்கிறார்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அப்பாவை எரித்து முடித்திருந்தார்கள்.

4

"ஞாயித்துக்கெழமை எல்லாருமா அருவிக்குப் போறோம். எண்ணெய், அரப்பு எடுத்துக்க அம்முணி" என்றார் அவர். வடக்கே ஒரு நேஷனல் பார்க். வேன் பேசியாகிவிட்டதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊருக்கு வந்ததில் இருந்து தொட்டிக்குள் உட்கார்ந்து குளித்துக் குளித்துச் சலித்துப் போயிருந்தேன். ஊரில் இருந்து வந்த, தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் பொட்டலத்தை எடுத்தேன். மாற்றுச்சேலை, துண்டு, புளிச்சோறு எல்லாம் கட்டினேன். வள்ளிக்குப் பன்னிரண்டு வயசு. "எண்ணெய் வைக்க மாட்டேன், நாறும்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று குடும்பமும் ஏறின வேனில் நான்தான் பேசினேன். நான்தான் பாடினேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது பாடுகிற பாட்டையெல்லாம் எடுத்துவிட்டேன். யாரும் கூடச் சேர்ந்து பாடவில்லை. "என்னக்கா, எல்லாரும் எழவூட்டுக்குப் போறவங்களாட்ட உக்காந்திருக்கறீங்க?" என்று கேலிகூடச் செய்தேன். ராசாத்தி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி நிறுத்துகிற இடத்திலேயே என்னை நிற்க வைத்து அக்கா என் தலைக்கு எண்ணெய் வைத்தாள். தேய்க்கவில்லை. உச்சியில் தொட்டாள், எடுத்தாள். மறுபடி தொட்டாள். மூன்று தடவை. அப்புறம் அரப்பையும் அதே மாதிரி வைத்தாள். "நல்லா அரக்கித் தேயுங்கக்கா, சாமிக்குச் சந்தனம் வெக்கற மாதிரி வெக்கறீங்களே" என்றேன். "தண்ணிக்குப் போ கண்ணு, திரும்பிப் பாக்காமப் போ" என்றாள். எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு எதுதான் உறைக்கும்?

இறங்கிப் போனால் அருவி. பொய் சொல்லக் கூடாது, அழகுதான். கறுப்புப் பாறை, அதன் மேல் நுரைத்துக்கொண்டு விழும் தண்ணீர். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் கம்பி வேலி, கயிறு, போர்டு. குளிக்கக் கூடாது, இறங்கக் கூடாது. பச்சைக் கோட்டுப் போட்ட வயசான காவல்காரர் ஒருவர் நின்றிருந்தார். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் கோட்டும் தொப்பியுமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நடுவில் நாங்கள் எண்ணெய்த் தலையும் தோளில் துண்டுமாக நின்றோம். வள்ளி எங்களோடு வந்தவளே இல்லை என்பதுபோல் தூரமாய்ப் போய் நின்றுகொண்டாள்.

"போனாப் போகுது, ஊட்ல போயிக் குளிச்சுக்கலாம்" என்று நான் சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் விடவில்லை. மில்லில் ஃபோர்மேன் திட்டினால்கூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், அன்றைக்கு அந்தக் காவல்காரரிடம் கையைக் கூப்பிக்கொண்டு கெஞ்சினார். நாங்கள் யாரும் வேண்டாம், என் மனைவி மட்டும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவாள் என்றார். என்னை மட்டும் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. காவல்காரர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் இவர் சொன்னார்: "சார், ஹர் ஃபாதர் டெட், சார். டுடே லாஸ்ட் டே. ரிலிஜன், சார்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க! பொய் சொல்றதுன்னா உங்கப்பனைச் சொல்றது! எங்கப்பன்தான் கெடச்சாரா உங்களுக்கு? ஒரு குளியலுக்காக உசுரோட இருக்கற மனுசனைக் கொல்லுவீங்களா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே சிரித்தும் விட்டேன். ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் இதைச் சொன்னால் என்ன ஆட்டம் ஆடுவார் என்று நினைத்துத்தான் சிரித்தேன்.

கூட யாரும் சிரிக்கவில்லை. ராசாத்தி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

எங்கள் வகையறாவில் எழவு விழுந்தால், கருமாதி அன்றைக்கு ரத்த சொந்தம் எல்லாரும் எண்ணெய் அரப்பு வைத்துத் தலை முழுக வேண்டும். அதோடு தீட்டுக் கழியும். அந்த எண்ணெயைத் தேய்க்க மாட்டார்கள். ஒருத்தி நிற்க வைத்து மூன்று தடவை தொட்டு வைப்பாள். திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குப் போகச் சொல்வாள். அம்மா போனபோது எனக்கு அப்படித்தான் வைத்தார்கள். எல்லாம் தெரிந்தவள்தான் நான். தெரிந்தும் தலையைக் குனிந்து காட்டியிருக்கிறேன்.

"எப்ப?" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"எப்பன்னு கேக்கறேன்."

"இன்னைக்குக் கருமாதி, அம்முணி."

"அப்பன் மேல கோடி போட்டது யாரு?" பெண் வீட்டில் இருந்து வருகிற கோடித்துணியை மகள்தான் போட வேண்டும்.

"உம்பட பேரைச் சொல்லி உங்கண்ணனே எடுத்துப் போட்டுட்டாங்களாம்."

என் பெயரில் ஒரு துணி போயிருக்கிறது. என் பெயரில் யாரோ அழுதும் இருப்பார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. என் அப்பா செத்த சேதியை, வழியில் பார்த்த ஒரு வெள்ளைக்காரக் காவல்காரருக்குச் சொன்ன பிறகு எனக்குச் சொல்கிறார்கள்.

அந்தக் காவல்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்து வழி விட்டார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைக்கூடக் கையைக் காட்டி ஒதுங்கச் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"போ கண்ணு, ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துரு" என்றாள் அக்கா.

"மாட்டேன்."

"அம்முணி, இன்னைக்கு முழுகலீன்னா தீட்டு நிக்கும்" என்றார் அவர்.

"நிக்கட்டும். உங்களுக்கெல்லாம் எழவு விழுந்து கருமாதியும் ஆயிருச்சு. எனக்கு இப்பத்தான் விழுந்திருக்குது. இன்னும் நான் அழுகவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள கழுவி உட்டுரலாம்னு கூட்டிட்டு வந்தயா?"

கல்யாணம் ஆனதில் இருந்து அவரை அப்படி ஒருமையில் பேசியதில்லை. அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்தேன். மார்பில் அடித்துக்கொண்டு, சாமளாபுரத்தில் எழவு வீட்டு வாசலில் எப்படி அழுவோமோ அப்படி அழுதேன். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே என் சத்தம் கேட்டது. வள்ளி ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. யாரு செத்தது?"

"உங்க அப்புச்சிடி."

"அப்புச்சின்னா, ரேடியோ மேல போட்டோல இருக்கறவரா?"

அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. மூன்று வயசில் அவளைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறியவள் நான்தானே.

5

நடந்தது இதுதான். அண்ணன் பொன்னுசாமி மில் ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டு, "ருக்குவுக்குச் சொல்லாதீங்க மாப்ளே. பாஸ்போர்ட்டும் கையில இல்ல, வரவும் முடியாது. சொன்னாத் தாங்கமாட்டா" என்று சொல்லியிருக்கிறார். இவரும் சரி என்றிருக்கிறார். மூன்று குடும்பமும் கூடிப் பேசி வாயைப் பூட்டிக்கொண்டார்கள். அத்தனை நாளும் என் வீட்டுக்கு வந்தார்கள், நான் போட்ட காப்பியைக் குடித்தார்கள், அப்பாவின் எடைக்கல் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். சாவைச் சொல்லக் கூடாது, ஆனால் தீட்டு மட்டும் கழிய வேண்டும்! அதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும்! என்ன மூளை பாருங்கள். மருந்தை வெல்லத்தில் பொதிந்து குழந்தைக்குக் கொடுப்பார்களே, அப்படி எனக்கு எழவைச் சுற்றுலாவில் பொதிந்து கொடுத்தார்கள்.

ஊரில் இருப்பவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். "தூரத்தில் இருக்கிறாள், சொல்லாதே" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பீர்கள்? தாங்குவேனா மாட்டேனா என்று சொல்ல வேண்டியவள் நான்தானே? கடல் தாண்டிப் போனால் மகள் என்கிற பாத்தியதையும் கப்பல் ஏறிப் போய்விடுமா? அங்கே வந்து அழ முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்தது போலவே எனக்கும் தெரியும். இங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அடுப்பை மூட்டாமல் ஒரு நாளாவது இருந்திருப்பேன். அப்பா போன அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பின்னால் கணக்குப் பார்த்தேன். வள்ளியின் பள்ளி விழாவுக்கு ரவா லட்டு பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லெண்ணத்தில்தான் செய்தார்களாம். போங்களய்யா, நீங்களும் உங்கள் நல்லெண்ணமும்!

வீடு வந்து சேர்ந்ததும் எங்கள் வீட்டுக்காரர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். "சேதி வந்தன்னைக்கு நானும் சாப்புடலே. மில்லுக் கக்கூசுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுட்டு அழுதேன் அம்முணி. உங்கப்பன் என்னைய மாப்பிள்ளையாட்ட நடத்துனதில்ல, பெத்த மகனாட்டத்தான் நடத்துனாரு" என்றார். உண்மைதான். அப்பா அவரையும் எங்களைப் போலவே திட்டுவார்.

"என்னையும் கூப்பிட்டு வெச்சு அழுதிருக்கலாமே" என்றேன்.

6

தெருமுனையில் ஆப்பிரிக்காவில் இருந்து வந்த ஒரு குஜராத்திக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் போன் உண்டு. அன்று சாயங்காலமே போய், திங்கட்கிழமை காலையில் திருப்பூருக்கு ஒரு கால் வேண்டும் என்று பதிவு செய்யச் சொன்னேன். அண்ணன் சூபர்வைசராக இருக்கிற பனியன் கம்பெனி நம்பரைக் கொடுத்தேன். "நானு மொதல்ல அண்ணங்கிட்டப் பேசிர்றேன்" என்று எங்கள் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "நீங்க பேசுனது போதும்" என்றேன்.

எண்ணெய்த் தலையோடுதான் படுத்தேன். எண்ணெய்த் தலையோடுதான் காலையில் கடைக்குப் போனேன். லைன் கிடைத்ததும் முதலில் கேட்டது பின்னல் மெஷின்களின் இரைச்சல். பிறகு யாரோ அண்ணனைக் கத்திக் கூப்பிடுவது. பிறகு அண்ணன்.

"யாரு, ருக்குவா? என்ன கண்ணு, போனெல்லாம் பண்ணியிருக்கறே? மாப்ள சௌக்கியமா? வள்ளி நல்லாருக்கறாளா?"

"எல்லாம் நல்லாருக்கறமுங்கண்ணா."

"பாஸ்போர்ட்டு வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்கண்ணா. அப்பன் எப்படி இருக்கறாருங்க?"

முந்தின நாள் மொட்டை போட்ட தலையோடு அங்கே நின்றுகொண்டிருப்பார். சொல்வார் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவர்தானே, என் குரலைக் கேட்டாலே உடைந்துபோய்ச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். காத்திருந்தேன். எனக்கு அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்து வர வேண்டும்.

"அப்பனுக்கென்ன கண்ணு, கல்லாட்ட இருக்குது. உன்னையத்தான் எந்நேரமும் கேட்டுட்டிருக்குது."

"அப்படீங்களா."

"ஆமா. காத்தால மண்டிக்குப் போறேன்னு எங்கூடத்தான் வந்துச்சு. இங்கதான், கம்பெனி வாசல்ல உக்காந்து பேப்பர் பாத்துட்டிருக்குது."

"அப்படியா, கூப்பிடுங்கண்ணா" என்றேன். "நான் லைன்லயே இருக்கறேன்."

மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் போனை வைக்கவில்லை.